ஜர்னல் கட்டுரையில சொன்ன ஃபைல் ஆர்க்கைவ்ஸ்ல இல்ல, யார்கிட்ட கேக்கிறது?

வெருலம்_கௌரி

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாதான் எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

எங்க அம்மா வழி பூட்டி (நாங்க ஆயான்னுதான் சொல்லுவோம்) இந்தியாவுல இருந்து தென்னாப்பிரிக்காவுல இருக்கிற நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியா வந்தவங்க. அவங்களப் பத்தி ஒரு ஹிஸ்டரி ஜர்னல்ல கட்டுரை வந்திருக்கு. எந்த ஜர்னல், எழுதினது யாருன்னு இப்போ சொல்லல, ஏன்னா இன்னும் அவங்ககிட்ட நாங்க பேசவே இல்ல, அதுக்குள்ள பேர இழுக்கிறது நியாயம் இல்ல. அதுல ஆயாவோட பேரு, கலோனியல் நம்பர் (வந்த கூலி ஒவ்வொருத்தருக்கும் போட்ட பதிவு நம்பர்), வந்த கப்பல், வேலை பாத்த எஸ்டேட் எல்லாம் போட்டிருக்கு. சர்தார் (கங்காணி) தொந்தரவு தாங்காம, கூலிங்க புகாரக் கேக்க அரசாங்கம் வச்சிருந்த ப்ரொடெக்டர் ஆபீஸுக்குப் போய் வாக்குமூலம் குடுத்தாங்க, அப்புறம் அவங்களே புகார வாபஸ் வாங்கிட்டாங்கன்னு எழுதியிருக்கு. அதோட நிறுத்தல, அவங்க வம்சம் இன்னைக்கு எந்த ஊர்ல என்ன கடை வச்சிருக்குன்னு ஒரு வரி. எங்க ஊர்க்காரங்க யாரு படிச்சாலும் நாங்கதான்னு உடனே தெரிஞ்சிரும். எங்கள யாரும் ஒரு வார்த்தை கேக்கல.

நானும் எங்க பெரியம்மா மகனும் பழைய அரசாங்க ஆவணம் எல்லாம் இருக்கிற மாரிட்ஸ்பர்க் ஆர்க்கைவ்ஸுக்குப் போனோம். ஃபுட்நோட்ல இருந்த நம்பர எழுதிக் குடுத்து பெட்டிய எடுத்துத் தரச் சொல்லி சாயங்காலம் வரைக்கும் ஒவ்வொரு தாளா புரட்டினோம். அந்த எஸ்டேட் பேரே அதுல இல்ல. சம்பள பாக்கி, எஸ்டேட்ட விட்டு வெளிய போக பாஸ் கேட்டு மனு, ஆஸ்பத்திரி கணக்கு, இதான் இருக்கு.

அப்போ இது இட்டுக்கட்டினதா? எடிட்டருக்கு எழுதினா மதிப்பாங்களா? நாங்க யூனிவர்சிட்டி ஆளுங்க இல்ல. அம்மா இத படிச்சதுல இருந்து சரியாப் பேசறது இல்ல, அதனால கேக்கிறேன்.

ஃபீனிக்ஸ்_ரவி

அக்கா, இதுல யோசிக்க என்ன இருக்கு, கதை கட்டியிருக்காங்க. இந்த நாட்டுல ஒரு கட்டுரை அங்கீகாரம் பெற்ற ஜர்னல்ல வந்தா அதுக்கு உயர்கல்வித் துறை யூனிவர்சிட்டிக்குப் பணம் குடுக்குது, ஒரு முழுக் கட்டுரைக்கு ஒரு லட்சம் ராண்டுக்கு மேல. சில யூனிவர்சிட்டி அதுல ஒரு பங்க எழுதினவங்களுக்கே ஆராய்ச்சிப் பணமா திருப்பிக் குடுக்குது. அப்படி இருக்கும்போது எண்ணிக்கைதானே ஓடும், உண்மை எங்க ஓடும். காசு வாங்கிட்டு எதையும் போடுற போலி ஜர்னல்கள்ல நம்ம நாட்டு ஆளுங்க கட்டுரை ஆயிரக்கணக்குல வந்திருக்குன்னு 2017-ல சவுத் ஆஃப்ரிக்கன் ஜர்னல் ஆஃப் சயின்ஸ்லயே ஆராய்ச்சி வந்துச்சு. எல்லாத்துக்கும் அரசாங்கப் பணம், நம்ம வரி.

கட்டுரைய முழுசா எடுக்கச் சொல்லுங்க. விடாதீங்க.

மாரிட்ஸ்பர்க்_தாத்தா

கௌரிம்மா, ரவி தம்பி, கொஞ்சம் பொறுங்க. நான் ரொம்ப வருஷம் ரெக்கார்ட் ரூம் வேலை பாத்தவன், இத நான் சொல்லியே ஆகணும்.

இந்தியன் இமிகிரேஷன் ஃபைல்களுக்கு அங்க தனி வரிசை உண்டு. ஃபுட்நோட்ல பெட்டி நம்பர் மட்டும் இருந்தா அது பாதி விலாசம்தான். ஒரு பெட்டிக்குள்ள ஏகப்பட்ட மினிட் பேப்பர், அதாவது ஆபீஸ் கடுதாசிக் கோப்பு, இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் தனி நம்பர், கூடவே வருஷம். ப்ரொடெக்டர் ஆபீஸுக்கு ஒரு கடுதாசி வந்தா அதுக்கு ஒரு நம்பர் போட்டு, அது மாஜிஸ்ட்ரேட்டுக்குப் போய், எஸ்டேட் மேனேஜருக்குப் போய், ஒவ்வொருத்தரும் அதுலயே குறிப்பு எழுதி, திரும்பி வந்து சேரும். சில நேரம் பழைய பேப்பர பிற்பாடு வந்த இன்னொரு கேஸோட சேத்து வச்சிருவாங்க, அப்போ அது வேற வருஷத்துப் பெட்டில கிடக்கும். அதனால பெட்டில இல்லன்னா பொய்யின்னு ஆயிராது. ஒரு இலக்கம் தப்பா விழுந்திருக்கலாம், மினிட் நம்பர விட்டிருக்கலாம், இல்ல வேற ஒருத்தர் புத்தகத்துல இருந்த ஃபுட்நோட்ட அப்படியே எடுத்துப் போட்டுட்டு தானே போய் பாத்த மாதிரி காட்டியிருக்கலாம்.

கடைசியா சொன்னேனே, அது நான் நேர்ல பாத்த சங்கதி. ஒரே தப்பு நம்பர் அடுத்தடுத்து ரெண்டு மூணு பேர் கட்டுரைல வரும், அத எழுதிட்டு வந்து எங்ககிட்ட பெட்டி கேப்பாங்க. முதல் ஆள் பண்ணினது கைத்தவறு. மத்தவங்க பண்ணினது ஏமாத்து வேலைன்னுதான் நான் சொல்லுவேன், ஏன்னா பாக்காத ஒண்ண பாத்தேன்னு கையெழுத்து போடுற மாதிரி அது.

முதல்ல எழுதினவங்களுக்கே மரியாதையா ஒரு மெயில் போடும்மா. மினிட் பேப்பர் நம்பர் என்ன, ஃபோட்டோ வச்சிருக்கீங்களான்னு கேளு. நெசமா பாத்தவங்க கிட்ட கண்டிப்பா ஃபோட்டோவோ குறிப்போ இருக்கும்.

திருச்சி_டு_டர்பன்

தாத்தா சொன்னது ரொம்ப சரி. நான் இங்க ஹிஸ்டரில பிஎச்டி பண்றேன், ரெண்டு ஜர்னலுக்கு ரிவ்யூவும் பண்ணியிருக்கேன், அதனால உள்ள என்ன நடக்குதுன்னு சொல்றேன்.

ரிவ்யூன்னா பேர மறைச்சு ரெண்டு மூணு பேருக்கு அனுப்புவாங்க. வாதம் நிக்குதா, மத்த ஆராய்ச்சிய படிச்சிருக்காங்களா, சோர்ஸ் போதுமா, இதான் பாப்போம். ஆனா யாரும் ஆர்க்கைவ்ஸுக்குப் போய் பெட்டியத் திறந்து பாக்கிறது இல்ல. சம்பளம் கிடையாது, நேரமும் கிடையாது, பாதி நேரம் ரிவ்யூ பண்றவர் வேற நாட்டுல இருப்பார். அதனால ஹிஸ்டரி ஜர்னல் முழுக்க நிக்கிறது ஒரே நம்பிக்கைல, ஃபுட்நோட் போட்டவங்க அந்தத் தாள கையில எடுத்துப் பாத்திருக்காங்கன்னு.

அந்த நம்பிக்கை உடைஞ்ச கதைய மைக்கேல் பெல்லெசில்ஸ்ங்கிற அமெரிக்க ஹிஸ்டரி ப்ரொஃபெஸர் விஷயத்துல பாக்கலாம். 1996-ல ஜர்னல் ஆஃப் அமெரிக்கன் ஹிஸ்டரில கட்டுரை போட்டார், பழைய அமெரிக்காவுல துப்பாக்கி வச்சிருந்தவங்க நெனைக்கிறத விட ரொம்ப கம்மின்னு, செத்தவங்க சொத்துப் பட்டியல எண்ணிப் பாத்துச் சொல்றேன்னு. அப்புறம் அது புத்தகமா வந்து, ஹிஸ்டரி புத்தகத்துக்குக் குடுக்கிற பேன்கிராஃப்ட் பரிசும் வாங்கிச்சு. மத்தவங்க போய் சரிபாக்கும்போதுதான் சான் ஃப்ரான்சிஸ்கோ பட்டியல பாத்தேன்னு அவர் சொன்னது மாட்டிக்கிச்சு, ஏன்னா அந்த ரெக்கார்ட் எல்லாம் 1906 பூகம்பத் தீயிலயே எரிஞ்சு போச்சு. 2002-ல வேலைய விட்டார், கொடுத்த பரிச கொலம்பியா யூனிவர்சிட்டி திருப்பி எடுத்துக்கிச்சு. முதல்ல சந்தேகப்பட்டவங்கள்ல பல பேர் ஹிஸ்டரி ப்ரொஃபெஸரே இல்ல கௌரி அக்கா, அதனால நாங்க யூனிவர்சிட்டி ஆளுங்க இல்லன்னு நீங்க தயங்கவே வேணாம்.

ஜெர்மனில இன்னும் மோசம். 2015-ல ஒரு ஜர்னல்ல பெர்லின் சுவர்ல காவல் காத்த ஜெர்மன் ஷெப்பர்டு நாய்ங்க நாஜி முகாம் நாய்ங்களோட வாரிசுன்னு ஒரு கட்டுரை வந்துச்சு. ஆள் பேரும் பொய், சோர்ஸும் பொய், சில பேர் சேந்து வேணும்னே அனுப்பினது. அச்சான பிறகு அவங்களே வெளிய சொன்னப்புறம்தான் ஜர்னலுக்குத் தெரிஞ்சுது. ஆர்க்கைவ்ஸ் நம்பர் பாக்க நெசம் மாதிரியே இருந்தா எடிட்டரும் தாண்டிப் போயிடுவார்.

இப்போ ஏஐ வந்த பிறகு இல்லாத புத்தகத்துக்கும் அழகா ஃபுட்நோட் வருது. ஜர்னல் நெறிமுறைகளப் பாக்கிற கோப்னு (COPE) ஒரு அமைப்பு இருக்கு, 1997-ல இங்கிலாந்துல மெடிக்கல் ஜர்னல் எடிட்டருங்க ஆரம்பிச்சது, இப்போ ஹிஸ்டரி ஜர்னல்கள்லயும் பல அதுல மெம்பர். ஏஐ ஆசிரியரா இருக்க முடியாது, அதுல வர்ற தப்புக்கு எழுதின மனுஷன்தான் பொறுப்புன்னு 2023-ல சொல்லிட்டாங்க. சொல்லிட்டாங்க சரி, எத்தனை எடிட்டர் ஒவ்வொரு ஃபுட்நோட்டா திறந்து பாக்கிறாங்க? பத்துல ஒண்ணையாவது ஃபோட்டோ கேட்டு வாங்கிச் சரிபாக்கணும்னு விதியே வைக்கணும்னு நான் நெனைக்கிறேன். இதுக்கு ஒண்ணும் பெரிய செலவு இல்ல, எல்லார் ஃபோன்லயும் கேமரா இருக்கு.

சாட்ஸ்வர்த்_செல்வி

நீங்க எல்லாரும் ஃபுட்நோட்லயே நிக்கிறீங்க. எனக்கு கௌரி எழுதினதுல வேற இடம் குத்துது.

நான் சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறவ. 1860 நவம்பர் 16-ல ட்ரூரோ கப்பல் மெட்ராஸ்ல இருந்து டர்பன் வந்து நின்னது ஒவ்வொரு வருஷமும் பிள்ளைங்களுக்குச் சொல்றேன். 1911 வரைக்கும் வந்த 1,52,184 பேர்ல மூணுல ரெண்டு பங்கு மெட்ராஸ்ல ஏறினவங்க. நூறு ஆம்பளைக்கு நாப்பது பொம்பளைன்னு கணக்கு வச்சு ஏத்தினாங்க. அந்த நாப்பது பேர் என்ன பாடு பட்டாங்கன்னு யாரு வாய திறந்தா? நம்ம வீட்டுலயே பேச மாட்டாங்க, அசிங்கம்னு மூடிருவாங்க. பாஸ் இல்லாம எஸ்டேட்ட விட்டு வெளிய கால வச்சாலே பிடிச்சுப் போடுற காலத்துல உன் பூட்டி நடந்து போய் சர்தார் மேல வாக்குமூலம் குடுத்திருக்காங்க கௌரி. நான் உன் இடத்துல இருந்தா அந்தப் பேர எடுக்கச் சொல்ல மாட்டேன். பேர எடுத்தா ஆயாவ திரும்பவும் வெறும் நம்பர் ஆக்கின மாதிரி ஆயிரும்.

ஆனா இன்னைக்கு இருக்கிற கடைய எழுதினது அநியாயம். அதுக்கும் ஆராய்ச்சிக்கும் என்ன சம்பந்தம்?

வெருலம்_கௌரி

செல்வி அக்கா, நீங்க சொன்னத அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். ஒண்ணும் பேசல, ஆனா முழுசா கேட்டாங்க.

எனக்குள்ளயும் அதே சண்டைதான். ஆயா பேரு அச்சுல இருக்கிறதுல எனக்கு சந்தோஷம்கூட உண்டு. வாபஸ் வாங்கிட்டாங்கன்னு ஒரே வரில முடிச்சதுதான் தாங்க முடியல, படிச்சா பொய் சொல்லி பயந்து பின்வாங்கின மாதிரி இருக்கு. இன்னொண்ணு, கப்பல் லிஸ்ட்ல இருந்த சாதியையும் எடுத்துப் போட்டிருக்காங்க. கட்டுரையோட விஷயத்துக்கு அது எதுக்குன்னு எத்தனை தடவ படிச்சும் எனக்குத் தெரியல.

தாத்தா சொன்ன மாதிரி எழுதினவங்களுக்கு மெயில் போட்டுட்டேன்.

போர்ட்லூயி_முருகன்

மொரிஷியஸ்ல இருந்து எழுதுறேன். இந்தச் சாதி விஷயம் இங்கயும் ரொம்ப நாளா ஓடுது. மோக்காவுல இருக்கிற மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்லதான் இந்தியாவுல இருந்து வந்தவங்க பதிவேடு எல்லாம் இருக்கு, பல பேருக்கு ஃபோட்டோவோட. நம்ம பாட்டன் யாருன்னு தேடப் போனா பிறப்பு, கல்யாண சர்டிஃபிகேட் எல்லாம் ஒவ்வொரு தலைமுறையா கொண்டு போகணும். சலிப்பாதான் இருக்கும், ஆனா யாரோ ஒருத்தர் வந்து ஊர் முழுக்க யாரு என்ன சாதின்னு கிண்டிட்டுப் போக முடியாது பாருங்க.

என்னப் பொறுத்தவரை சாதியப் பத்தி ஆராயிற கட்டுரைன்னா எழுதட்டும், எழுதித்தான் ஆகணும், ஆனா அப்போகூட மொத்தக் கணக்கா எழுதலாம். ஒரு குடும்பத்துப் பேர் பக்கத்துல போடும்போது அது ஆராய்ச்சி இல்ல.

ஃபீனிக்ஸ்_ரவி

அப்போ நான் கேக்கிறேன், நம்ம கதைக்கு நம்மகிட்ட அனுமதி வாங்கணும்னு ஏன் நாமளே ஒரு விதி எழுதக்கூடாது? இதே நாட்டுல பூர்வகுடி சான் மக்கள் பண்ணினாங்களே. நமீபியாவுல இருக்கிற அவங்க ஜனங்க ரத்தத்த எடுத்து மரபணு ஆராய்ச்சி பண்ணி 2010-ல நேச்சர் ஜர்னல்ல போட்டாங்க, அதுல எழுதியிருந்த விதம் அவங்களுக்கு ரொம்ப அவமானமாப் போச்சு. 2017 மார்ச்ல சான் தலைவருங்க தாங்களே ஒரு ஆராய்ச்சி நெறிமுறை எழுதி வெளியிட்டாங்க, மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை, எங்கள கேக்காம வராதேன்னு. நம்ம கோயில் கமிட்டி, தமிழ்ச் சங்கம் எல்லாம் சேந்தா முடியாதா?

கட்டுரைய எடுக்கணும்கிறதுல இருந்து நான் மாறல.

திருச்சி_டு_டர்பன்

ரவி, சான் விஷயம் நல்ல உதாரணம், நானும் மதிக்கிறேன். ஆனா அங்க உயிரோட இருக்கிறவங்க உடம்பு, அவங்க சம்மதம். நூறு வருஷத்துக்கு முந்தின அரசாங்க ரெக்கார்டு வேற. 1996 ஆர்க்கைவ்ஸ் சட்டப்படி 20 வருஷம் தாண்டின அரசாங்க ஆவணத்த பொதுவா யாரும் பாக்கலாம். குடும்பம் ஒத்துக்கிட்டாதான் எழுதலாம்னு வச்சா சர்தாரோட குடும்பமும் அதே உரிமைய கேக்கும். எஸ்டேட் முதலாளி குடும்பமும் கேக்கும், அவங்ககிட்ட வக்கீலும் இருக்கு. அப்போ செல்வி அக்கா சொன்ன அந்த நாப்பது பேர் கதை எழுதவே முடியாமப் போயிரும். இத நான் ரொம்ப அழுத்திச் சொல்றேன்.

உயிரோட இருக்கிறவங்கள அடையாளம் காட்டுறதுதான் வேற. தனிப்பட்ட தகவலுக்கான போபியா சட்டம் காப்பாத்துறது உயிரோட இருக்கிறவங்களத்தான், ஆராய்ச்சிக்கு அதுல கொஞ்சம் விலக்கு இருந்தாலும் அந்தக் கடை வரிக்கு எந்த ஆராய்ச்சித் தேவையும் இல்ல. அத எடுக்கச் சொல்லிக் கேக்கலாம்.

முழுசா எடுக்கிறது, அதாவது ரிட்ராக்‌ஷன், ஆதாரம் பொய், திருட்டு, இல்ல நம்பவே முடியாத அளவு தப்பு, இந்த மாதிரி பெரிய காரணத்துக்குத்தான். சின்னதுக்குத் திருத்தம். அதுக்கு நடுவுல, விசாரணை நடக்கும்போது வாசகருக்கு எச்சரிக்கை போடுறதும் உண்டு. கோபத்துக்குப் பயந்து எடுத்தா என்ன ஆகும்னு 2017-ல தேர்ட் வேர்ல்ட் குவாட்டர்லில பாத்தோம். காலனி ஆட்சி நல்லதுன்னு ஒரு கட்டுரை போட்டாங்க, ஆசிரியர் குழுவுல பாதிக்குக் கிட்ட ராஜினாமா பண்ணினாங்க, ரிவ்யூ ஒழுங்கா நடக்கலன்னு. கடைசில எடிட்டருக்குக் கொலை மிரட்டல் வந்ததால எடுத்துட்டோம்னாங்க. ரிவ்யூ முறைப்படிதான் நடந்துச்சுன்னு பதிப்பகம் சொல்லிச்சு, ஆனா கட்டுரை தப்பா இல்லையான்னு ஒரு பதிலும் பதிவாகல. எனக்கு அந்தக் கட்டுரை மேல துளி மதிப்பு இல்ல, ஆனா அது போன விதத்துல யாருக்கும் நியாயம் கிடைக்கல.

சாட்ஸ்வர்த்_செல்வி

ஆவணத்துக்கு ஒரு நியாயம், வாயால சொன்ன கதைக்கு ஒரு நியாயம்னு நான் பிரிச்சுப் பாப்பேன். நம்ம பெரியவங்கள பேட்டி எடுக்க வர்றவங்க சொல்ற வாக்குறுதிய எல்லாம் அப்படியே நம்பக்கூடாது. பாஸ்டன் காலேஜ் டேப் கதை தெரியும்ல? வட அயர்லாந்து சண்டைல இருந்தவங்ககிட்ட, நீங்க சாகற வரைக்கும் வெளிய வராதுன்னு சொல்லி 2001-ல இருந்து பதிவு பண்ணினாங்க. 2011-ல கோர்ட் ஆர்டர் வந்துச்சு, கடைசில டேப் போலீஸ் கையில. சட்டம் குறுக்க வந்தா காப்பாத்த முடியாத வாக்க குடுத்திருக்கவே கூடாது.

வெருலம்_கௌரி

பதில் வந்துருச்சு!

எழுதினவங்க நல்ல விதமாவே பதில் போட்டாங்க. மினிட் பேப்பர் நம்பரும் வருஷமும் குடுத்து, தாள்களோட ஃபோட்டோவும் அனுப்பினாங்க. தாத்தா சொன்னதேதான், ரெண்டு வருஷம் பின்னாடி இருக்கிற பெட்டி, ஃபுட்நோட்ல மினிட் நம்பர் விட்டுப் போச்சு, பெட்டி நம்பரும் தப்பு. ஆக ஆவணம் நெசம். எங்க ஆயா நெசமாவே போயிருக்காங்க.

ஃபோட்டோவ பெருசு பண்ணிப் பாத்தோம். வாக்குமூலத்துக்கு அடில ஆயா ஒரு பெருக்கல் குறி போட்டிருக்காங்க, பக்கத்துல க்ளார்க் பேர எழுதியிருக்கார். அம்மா அத ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தாங்க.

இப்போ முக்கியமான சங்கதி. வாபஸ் வாங்கினதா சொல்ற தாள்ல ஆயாவோட குறி இல்ல. அது மாஜிஸ்ட்ரேட் ஓரத்துல எழுதின ரெண்டே வரி, புகார் வாபஸ், எஸ்டேட்டுக்குத் திருப்பி அனுப்பியாச்சுன்னு. வேற ஒண்ணும் இல்ல.

மாரிட்ஸ்பர்க்_தாத்தா

கௌரிம்மா, இதுதான் நீ எடிட்டருக்கு எழுத வேண்டியது. ஃபுட்நோட் தப்பு திருத்தத்துல போயிரும். ஆனா அவங்களே வாபஸ் வாங்கினாங்கன்னு எழுதினது சோர்ஸ்ல இல்லாத வாக்கியம். சோர்ஸ் சொல்றது, வாபஸ்னு மாஜிஸ்ட்ரேட் எழுதினார், அவ்வளவுதான். சொன்னாங்களா, சொல்ல வச்சாங்களா, கேக்காமலே எழுதினாரா, அந்தத் தாள வச்சுத் தெரியாது. அந்தக் காலத்து ஃபைல் முழுக்க மேனேஜர், மாஜிஸ்ட்ரேட், டாக்டர், ப்ரொடெக்டர் கைதான். அவங்க எழுதினத நம்ம ஜனங்க வாயில போட்டு எழுதுறது சரித்திரம் எழுதுறவங்க செய்யவே கூடாத வேலை. பெட்டி நம்பர் தப்பா இருந்தத விட இது எனக்குப் பெரிய குறையாத் தெரியுது.

ஃபீனிக்ஸ்_ரவி

தாத்தா, இத படிச்ச பிறகு கட்டுரைய எடுக்க வேணாம்னு நானும் சொல்றேன். எடுத்துட்டா இந்தத் திருத்தமும் இல்லாமப் போயிரும். பெருக்கல் குறி போட்டது ஆயா, வாபஸ்னு எழுதினது அவர், அது அச்சுல வரணும்.

வெருலம்_கௌரி

எல்லாரும் சொன்னத வச்சு கடிதம் எழுதிட்டோம், திருச்சித் தம்பி இங்கிலீஷ்ல சரி பாத்துக் குடுத்தார். ஃபுட்நோட்ல சரியான பெட்டியும் மினிட் நம்பரும் போடணும். வாபஸ்னு எழுதினது மாஜிஸ்ட்ரேட்னு வாக்கியத்த மாத்தணும். கடை வரியும் சாதியும் போகணும், பேரு இருக்கட்டும். பேரு இருக்கட்டும்னு சொன்னது அம்மா.

இன்னொண்ணும் கேட்டிருக்கோம். நாங்க அந்தக் கட்டுரைய காசு கட்டித்தான் படிச்சோம். ஹிஸ்டோரியா மாதிரி நம்ம நாட்டு ஜர்னல் சைலோங்கிற (SciELO) இணையதளத்துல யாரும் இலவசமா படிக்கிற மாதிரி வருது, அதனால திருத்தின கட்டுரையையாவது பணம் இல்லாம திறந்து வைக்கச் சொல்லியிருக்கோம். எழுதினவங்களுக்கும் ஒரு காப்பி அனுப்பினோம். கடை வரிய எடுக்க அவங்க உடனே ஒத்துக்கிட்டாங்க. வாபஸ் வாக்கியத்துக்கு மட்டும் யோசிச்சுச் சொல்றேன்னாங்க. எடிட்டர் பதில் வந்ததும் இங்கயே போடுறேன்.

டொங்காட்_மணி

கௌரி அக்கா, நான் இதுவரைக்கும் படிச்சுட்டு மட்டும் இருந்தேன். எங்க தாத்தாவோட கலோனியல் நம்பர் மட்டும் எங்ககிட்ட இருக்கு. அத வச்சு ஏதாவது தேட முடியுமா தாத்தா?

மாரிட்ஸ்பர்க்_தாத்தா

முடியும்பா. முதல்ல நம்பர வச்சு கப்பல் லிஸ்ட்ல பாரு, அப்பன் பேரு, வயசு, ஊரு, எந்த எஸ்டேட்டுக்குப் போனாருன்னு இருக்கும். எஸ்டேட் பேரும் வருஷமும் கையில வந்தா இமிகிரேஷன் ஃபைல்ல இறங்கலாம். உள்ள பேனா கொண்டு போகாத, பென்சில்தான். எந்தத் தாள எடுத்தாலும் பெட்டி நம்பர், மினிட் நம்பர், வருஷம் மூணையும் குறிச்சுக்கோ, ஃபோட்டோ எடுத்தா நம்பர் தெரியிற மாதிரி எடு. கிளம்புறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மெசேஜ் போடு, எந்த வரிசைல ஆரம்பிக்கணும்னு சொல்றேன்.